இறக்கி வைத்தவள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சர்க்கரை ஆலைகளுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெரிய பெரிய கியர்பாக்ஸ் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சுரேகா கிரேன் ஓட்டுகிறாள். ரோட்டில் ஓடுகிற கிரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே பாலம் போட்ட மாதிரி ஒரு இரும்புச் சட்டம் முன்னும் பின்னும் ஓடும். அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். கூண்டுக்குள் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடிகள், காலடியில் ஒரு மணி. இரும்பு ஏணியில் ஏறி அங்கே போய் உட்கார்ந்துவிட்டால், கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாம் மஞ்சள் தொப்பிகளாகத்தான் தெரிவார்கள். அந்தக் கூண்டில் துணைக்கு யாரும் கிடையாது. தன்னோடு தானே பேசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சுரேகாவுக்கு வந்த கஷ்டமே அதுதான்.

அவள் பிறந்தது அயப்பாக்கத்தில். அப்பா திருவேங்கடத்துக்குச் சொந்தமாக நெல்வயல் இருந்தது. வயலெல்லாம் பிளாட் ஆனபோது, கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பூட்டித் தெரிந்த கையை நம்பி, வீட்டு வாசலிலேயே மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். சின்ன வயதில் சுரேகாவுக்கு அந்தக் கடையைத் தவிர வேறு விளையாட்டிடம் இல்லை. செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்துப் பார்ப்பாள். ஸ்பேனரை எடுத்து எந்த நட்டுக்குச் சேரும் என்று வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் அப்பா சாப்பிடப் போன நேரத்தில், ரெடியாக இருந்த ஒரு மோட்டாருக்குத் தானே லைன் கொடுத்துப் பார்த்தாள். வயர் மாறிவிட்டது. புகை வந்து, நாற்றம் அடித்து, மோட்டார் கருகிப் போனது. வாங்க வந்த ஆள் வாசலில் நின்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

திருவேங்கடம் அவளை அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் எதைத் தொட்டாலும், "கை வெக்காத சுரேகா, கெட்டுப் பூடும்" என்பார். கரண்டியைத் தொட்டால் சொல்வார், ரேடியோவைத் தொட்டால் சொல்வார், மாமா வீட்டுக் குழந்தையைத் தூக்கப் போனாலும் சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அந்த வாடிக்கையாளர் போட்ட கூச்சல் அவர் காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் முடிக்கிற வயது வந்தபோது அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. அந்த வேலையை சுரேகா தானே எடுத்துக்கொண்டாள். பரீட்சை எழுதும்போது, கோலம் போடும்போது, கல்யாணமாகி லோகேஷ் வீட்டில் முதன்முதலாகக் குழம்பு வைத்தபோது, உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அது அப்பாவின் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல். "இன்னா கிழிக்கப் போற நீ? உன் கை பட்டா உருப்படுமா?" சிலசமயம் அதை வாய்விட்டே முணுமுணுப்பாள். அப்படி முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது.

ஆவடியில் புது அபார்ட்மெண்டுகளுக்கு வயரிங் செய்யும் லோகேஷுக்கு ஒரு விபத்தில் தோள்பட்டை போய், பாதி வேலைதான் செய்ய முடியும் என்று ஆனபோது, சுரேகா இந்தக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். உதிரிப் பாகங்களுக்கு எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்குகிற வேலை. கெடுக்க ஒன்றும் இல்லாத வேலை என்பதால் குரல் கொஞ்சம் அடங்கிக் கிடந்தது.

அடுத்த வருஷம் பழைய கிரேன் ஆபரேட்டர் துபாய்க்குப் போய்விட்டார். ஷெட்டின் பொறுப்பாளர் கிருஷ்ணப்பிரியா எல்லோரையும் கூப்பிட்டு, "வெளியில இருந்து ஆள் எடுக்குறதுக்கு பதிலா, இங்க இருக்குறவங்க யாராவது கத்துக்கிறதா இருந்தா கம்பெனியே ட்ரெய்னிங் அனுப்பும். லேடீஸும் வரலாம்" என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"நான் கத்துக்கறேன் மேடம்."

யார் சொன்னது என்று சுரேகாவே திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கும் குரல் விழித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டுவிட்டது.

பயிற்சி முடிந்து, தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, சான்றிதழோடு வந்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. எத்தனையோ ஆட்கள் சேர்ந்தும் நகர்த்த முடியாத இரும்பு, அவள் விரல் அசைவுக்குப் பூப்போல எழும்பும். கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் ஜேசுராஜ். பட்டாபிராம்காரர், நடுத்தர வயது. சுமையைக் கட்டுவதும் கொக்கியில் மாட்டுவதும் அவர் வேலை. அவர் கையைப் பார்த்தே அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சுரேகா சொல்லிவிடுவாள். ஒருமுறை அவர் லேசாகத் தலையைச் சொறிந்ததைப் பார்த்து அவள் கிரேனை நிறுத்த, அவர் சிரித்துவிட்டு, "தல அரிச்சிதும்மா, நீ போ" என்று கத்தினார்.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு கியர்பாக்ஸின் மேல்மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சுமையைச் சுற்றிக் கட்டும் கம்பி வடத்தை ஷெட்டில் ஸ்லிங் என்பார்கள். அந்த ஸ்லிங் நடுவானில் அறுந்தது. மூடி கீழே இருந்த மரப்பலகைகள் மேல் விழுந்து பலகைகளைத் தூளாக்கியது. சத்தம் அடங்கியபோது, ஜேசுராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

விசாரணை நடந்தது. ஸ்லிங்கின் உள்ளிழைகள் துருப்பிடித்துப் போயிருந்தன, வெளியே பார்த்தால் தெரியாது, ஓட்டியவர் மேல் தப்பே இல்லை என்று முடிந்தது. எல்லா ஸ்லிங்கையும் மாற்றினார்கள். கிருஷ்ணப்பிரியா நேரில் கூப்பிட்டு, "நீங்க ஒண்ணும் பண்ணல சுரேகா. அதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

சுரேகா தலையாட்டினாள். "மேடம், நான் பேக்கிங்கே போறேன்" என்றாள்.

யார் என்ன சொன்னால் என்ன, உள்ளே இருந்த குரலுக்கு விசாரணையும் கிடையாது, சாட்சியும் கிடையாது. "நான் அப்பவே சொல்லல? அன்னிக்கு மோட்டாரு, இன்னிக்கு ஒரு மன்சனோட உசுரு. உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" பஸ்ஸில் வரும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். பேக்கிங் மேஜையில் குனிந்தபடி எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். தலைக்கு மேலே கிரேன் மணி அடித்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். புதிதாக வந்த ஆபரேட்டர் ஓட்டுவதில் எங்கே தடுமாறுகிறான் என்பது மட்டும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்து என்ன பயன் என்று விட்டுவிடுவாள்.

ஜேசுராஜ் ஒருநாள் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்பம்மா மேல ஏறுவ?"

"நானா? உங்கள கொல்லப் பாத்தேனே அண்ணா, அது போதாதா?"

"யாரு சொன்னா? கயிறு அறுந்துச்சு. நீ இன்னா பல்லாலயா கடிச்ச?"

அவள் சிரிக்கவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே கேட்ட குரல் நியாயத்துக்குக் கட்டுப்படுகிற ரகம் இல்லை.

அந்தக் குரலைக் கட்டிப்போட்டது வேறு ஒன்று. மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் ரோஷினி கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அட்டையில் ஒரு காற்றாலை செய்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. இறக்கையை ஒட்டும்போது பசை வழிந்து, அட்டை நனைந்து, ஒரு பக்கம் மடங்கிவிட்டது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சுரேகாவின் காதில் விழுந்தது:

"இன்னா கிழிக்கப் போற நீ? உன் கை பட்டா உருப்படுமா?"

கத்தி அப்படியே நின்றது. ஒரு கணம், தன் தலைக்குள் ஓடுவதுதான் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். ரோஷினி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டு, அதே ராகத்தில், அதே இழுவையில் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றாலையைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கை ஓங்கியிருந்தாள்.

"யார்டி உனக்கு அப்படி சொன்னது?" சுரேகா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள். "ஸ்கூல்ல யாராச்சும் சொன்னாங்களா? தாத்தா சொன்னாரா?"

ரோஷினி விழித்தாள். "நீதாம்மா சொல்லுவ."

"நானா? உன்ன நான் எப்படி சொன்னேன்?"

"என்னய இல்ல. உன்னயேதான் சொல்லிக்குவ. பாத்திரம் கழுவுறப்போ, துணி மடிக்கிறப்போ. தப்பு பண்ணா அப்படித்தான் சொல்லிக்கணும்னு நெனச்சேன்."

சுரேகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னை எத்தனை திட்டினாலும் அது தன்னோடு போகும் என்று நினைத்திருந்தாள். அது இந்தக் கூடத்தில், இந்தப் பிள்ளையின் வாயில், முளைத்து நிற்கிறது. அப்பா மேல் கோபம் வந்தது. பிறகு அது போய், அப்பாவுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. கடைசியில், யார் ஆரம்பித்தது என்பதை விட்டுவிட்டு, இதை நிறுத்த வேண்டிய ஆள் யார் என்பது மட்டும் மனதில் நின்றது.

"அது மாதிரி சொல்லிக்கக் கூடாது கண்ணு" என்றாள்.

"அப்ப இன்னா சொல்லிக்கணும்?"

சுரேகா நனைந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசை ஜாஸ்தி ஆச்சு. அது மட்டுந்தான். கொஞ்சம் காயட்டும், கம்மியா வெச்சு திரும்ப ஒட்டு" என்றாள். சொன்னபிறகுதான், பதில் அதுதான் என்று அவளுக்கே உறைத்தது. பசை அதிகமானது ஒரு விஷயம். கை உருப்படாது என்பது விஷயமே இல்லை, வெறும் வசை. இத்தனை வருஷமும் இரண்டும் ஒரே குரலில் வந்ததால், இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே கிருஷ்ணப்பிரியாவின் அறை வாசலில் போய் நின்றாள். "மேடம், நான் திரும்பவும் மேல ஏறலாமா? சின்ன சின்ன லோடா குடுங்க. பயமாத்தான் கீது. ஆனா ஏறணும்."

"பயமா இருக்குன்னு சொல்லிட்டு ஏறுறவங்களத்தான் நானும் தேடுறேன்" என்றார் கிருஷ்ணப்பிரியா.

ஏணியில் கால் வைத்ததும் குரல் தொடங்கிவிட்டது. சுரேகா அதை அடக்கப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, எதிரே ஆள் இருப்பது போல அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

"பிரேக்க பாத்தியா?" என்றது குரல்.

"பாக்கல. இரு, பாக்கறேன்." பார்த்தாள். "சரியா கீது."

"ஸ்லிங்க பாத்தியா?"

"ஜேசுராஜ் அண்ணா பாத்தாரு. நானும் கீழ நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நீயெல்லாம் எதுக்கு இங்க வந்து ஒக்காந்துகினு கீற?"

"அது கேள்வியில்ல" என்றாள் சுரேகா. "அதுக்கு பதில் கெடயாது. வேற இன்னா?"

குரலிடம் வேறு ஒன்றும் இல்லை. அவள் மணியை அடித்துவிட்டுக் கைப்பிடியைத் தள்ளினாள். ஒரு சின்னப் பெட்டி தரையை விட்டு எழும்பி, ஷெட்டின் அந்தக் கோடிவரை போய், அலுங்காமல் இறங்கியது.

இப்படியே போயிற்று. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் வசை மட்டுமே வரும், மழை மாதிரி. அந்த நாட்களில் வேலை முடிந்து இறங்கும்போது கழுத்தெல்லாம் இறுகிக் கிடக்கும். சில நாள் கேள்வி மட்டும் வரும். அதெல்லாம் நல்ல நாள். வீட்டிலும் வாய் பழக்கத்தில் முணுமுணுக்கும். ரோஷினி உடனே, "அம்மா, அது கேள்வியில்ல" என்பாள். இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். ஜேசுராஜ் ஒருநாள் கேட்டார்:

"மேல ஒக்காந்துகினு எப்பப் பாத்தாலும் வாய அசச்சிகினே கீறியே, ஜெபம் பண்றியா?"

"இல்லண்ணா, ஒருத்திகூட சண்ட போடறேன்."

"யாரு ஜெயிக்கிறது?"

"சில நேரம் அவளும் சரியாத்தான் சொல்றா. அப்ப கேட்டுக்கறேன்."

ஆயுத பூசை வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அது தேர்த்திருவிழா மாதிரி. எல்லா ஷெட்டிலும் மாவிலை, வாழைக்கன்று. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு. வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு உள்ளே வரும் ஒரே நாள். சுரேகா வீட்டிலிருந்து லோகேஷ், ரோஷினி, கூடவே அயப்பாக்கத்திலிருந்து திருவேங்கடமும் வந்தார். மகள் கிரேன் ஓட்டுகிறாள் என்று அவருக்குத் தெரியும். பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

பூசைக்கு முன்பே லாரியில் ஏறியிருக்க வேண்டிய ஒரு கியர்பாக்ஸ், டிரெய்லர் பூந்தமல்லி சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டதால் அப்படியே நின்றுவிட்டது. அந்த வருஷம் அவர்கள் செய்ததிலேயே பெரியது, பன்னிரண்டு டன். டிரெய்லர் வந்து நின்றபோது குடும்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. அவர்களைக் கயிறு கட்டித் தூரமாக நிறுத்திவிட்டு, ஏற்றிவிட்டே பூசை போடலாம் என்று கிருஷ்ணப்பிரியா முடிவு செய்தார்.

சுரேகா ஏணியில் ஏறுவதைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. "அம்மா!" என்று ரோஷினி கத்தினாள். சுரேகா திரும்பாமல் ஒரு கையை மட்டும் அசைத்துவிட்டுக் கூண்டுக்குள் போனாள். ஜேசுராஜ் நாலு மூலையிலும் ஸ்லிங்கை மாட்டி, சுற்றி வந்து பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார். மணி அடித்தது. வடங்கள் விறைத்தன. கியர்பாக்ஸ் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கூட்டத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது.

அப்போது சுரேகாவுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. ஜேசுராஜ் நின்ற இடத்திலிருந்து தெரியாத பின்மூலை, மற்ற மூன்றையும்விட ஒரு நூல் தாழ்ந்த மாதிரி இருந்தது.

"அந்த மூலைய பாரு" என்றது குரல். அடுத்த மூச்சிலேயே, "இப்ப எறக்கினா மானம் பூடும். ஒன்னால முடியலன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நைனா பாத்துகினு கீறாரு" என்றது.

முதலில் சொன்னது சுமையைப் பற்றி. இரண்டாவதாகச் சொன்னது அவளைப் பற்றி. அவளுக்கு அதைப் பிரிக்க இப்போது நேரம் பிடிக்கவில்லை. மணியை விட்டு விட்டு அடித்தாள். கைப்பிடியைத் திருப்பினாள். பன்னிரண்டு டன்னும் வந்த வழியே மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. "இன்னா ஆச்சு?" "தூக்க முடியலயா?" என்று கூட்டத்தில் சலசலப்பு. திருவேங்கடம் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எறக்கிட்டாளே... இன்னா ஆச்சு லோகேஷு?" கருகிய மோட்டாரின் நாற்றம் அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும்.

சுரேகா கூண்டிலிருந்து பின்மூலையைக் கையால் காட்டினாள். ஜேசுராஜ் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தார். கூர்மையான விளிம்பில் வடம் படாமல் இருக்க வைத்த ரப்பர் துண்டு நழுவி விழுந்திருந்தது. வடம் நேராக இரும்பு விளிம்பில் அழுந்தி நின்றது. அப்படியே உயரத் தூக்கியிருந்தால் விளிம்பு அதை அறுக்க ஆரம்பித்திருக்கும். அவர் அந்த ரப்பரைக் கையில் எடுத்து, கூட்டமும் மேலே இருப்பவளும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். பிறகு புது ஸ்லிங் ஒன்று கொண்டுவந்து, ரப்பரை வைத்துக் கட்டி, ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்து, மறுபடி கட்டை விரலை உயர்த்தினார்.

இந்த முறை நாலு மூலையும் ஒன்றாக எழும்பின. கியர்பாக்ஸ் ஷெட்டின் நடுவில், யாரும் நிற்காத பாதையில், நிதானமாகப் போயிற்று. யாரும் கைதட்டவில்லை. டிரெய்லரின் மேல் வந்து, லேசாக ஆடி, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, குறித்த இடத்தில் சத்தமே இல்லாமல் அமர்ந்தது. அதற்கப்புறம் எழுந்த கைதட்டலில் கூரைத் தகடெல்லாம் அதிர்ந்தது.

சுரேகா ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். கிருஷ்ணப்பிரியா எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "தூக்கினதுக்கு இல்ல, இறக்கினதுக்கு" என்றார். ஜேசுராஜ் தன் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பொரி வாங்கப் போய்விட்டார்.

திருவேங்கடம் சற்று எட்டியே நின்றார். சுரேகா பக்கத்தில் போனதும், மேலே கூண்டைப் பார்த்தார்.

"மேல காத்து வருமாம்மா?"

"ஃபேன் கீது நைனா."

"ம். அவ்ளோ பேரு பாக்குறப்போ எறக்கினியே. நானா இருந்தா எறக்கியிருக்க மாட்டேன்" என்றார். அவர் கண்கள் அவள் கைகளை விட்டு நகரவில்லை.

பூசை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். அயப்பாக்கம் ரோட்டில் நல்ல நெரிசல். திருவேங்கடம் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன விசேஷம் என்று தொடங்கிய பேச்சு, சீக்கிரமே வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

"இதோ கீதே, இது என் பொண்ணுதான். கம்பெனில கிரேன் ஓட்டுது. இன்னிக்கு இருவது டன்னு தூக்கி லாரில வெச்சிச்சு பாரு, ஒரு பொட்டு சத்தம் வரல."

"அப்படியா!" என்று பெரியவர் சுரேகாவைத் திரும்பிப் பார்த்தார்.

பன்னிரண்டுதான் என்று சொல்ல சுரேகா வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பொரிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் ஓட்டினேன்."